ஓவர்ஹால் செய்த எஞ்சினைப் பொத்திப் பொத்தி ஓட்டாதீர்கள்

சிஓஇ-ஐ (வாகன உரிமைச் சான்றிதழை) இன்னும் பத்து ஆண்டுகளுக்குப் புதுப்பித்த கையோடு எஞ்சினையும் முழுசாகப் பிரித்துக் கட்டிவிடலாம் என்று முடிவெடுப்பவர்கள் சிங்கப்பூரில் நிறைய. கணக்கும் சரிதான். அவ்வளவு பணம் கட்டிய வண்டி இன்னும் பத்து வருடம் ஓட வேண்டுமே! சின் மிங்கிலோ காக்கி புக்கிட்டிலோ வண்டியை விட்டு, இரண்டு மூன்று வாரம் பஸ்ஸிலும் ரயிலிலும் அலைந்து, ஒருவழியாகச் சாவி கைக்கு வரும் நாளில் எல்லாருக்கும் தோன்றுவது ஒன்றுதான்: புது எஞ்சின், மெதுவாக ஓட்டணும்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. வேலை செய்து கொடுத்த ஒர்க்ஷாப்பிலும் “ஆயிரம் கிலோமீட்டர் வரைக்கும் 60-ஐத் தாண்டாதீங்க” என்றுதான் சொன்னார்கள். நானும் தாண்டவில்லை. ஆக்சிலரேட்டரை நோகாமல் தொட்டுத் தொட்டு ஓட்டினேன். முதல் வாரமே தீபாவளித் துணி எடுக்கக் குடும்பத்தோடு ஜோகூர் பாரு கிளம்பினோம். எல்லை தாண்டுவதற்கு விதிப்படி முக்கால் டேங்க் பெட்ரோல் இருக்கிறதா என்று மறக்காமல் பார்த்தேன். கடற்பாலத்து நெரிசலில் இரண்டரை மணி நேரம் நகர்ந்தும் நகராமலும் நின்றது புது எஞ்சினுக்கு என்ன செய்யும் என்று யோசிக்கவே இல்லை.

மூன்றாயிரம் கிலோமீட்டரில் நீலப் புகை. ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் குடித்தது. வேறொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன், வயதான தமிழர். எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றியதும் என்னைக் கூப்பிட்டு டார்ச் அடித்துக் காட்டினார். “தம்பி, உள்ள பாருங்க. முகம் பார்க்கலாம் போல இருக்கு. இப்படி இருக்கவே கூடாது.” சிலிண்டர் சுவர் பளபளவென்று மின்னியது. எனக்கு அது அழகாகத்தான் தெரிந்தது. ஏன் இருக்கக் கூடாது என்று அவர் விளக்கிய பிறகுதான் விஷயம் புரிந்தது.

எஞ்சினைக் கட்டும்போது சிலிண்டர் சுவரை ஹோனிங் செய்வார்கள். குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல்கள் விழும். அந்தக் கீறல்களில் ஆயில் தங்கும். அவற்றின் கூரான முனைகள் புது பிஸ்டன் ரிங்கின் (பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையத்தின்) விளிம்பைத் தேய்த்து, சுவரோடு கச்சிதமாகப் பொருந்த வைக்கும். ரிங் ‘உட்காருவது’ என்று இதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் ரிங்குக்கு இருக்கும் சொந்த விறைப்பு இந்த வேலைக்குப் போதாது. பெட்ரோல் எரியும்போது உண்டாகும் அழுத்தம் ரிங்கின் பின்பக்கம் புகுந்து அதைச் சுவரோடு தள்ள வேண்டும். எஞ்சின் பாரம் இழுக்கும்போதுதான் அந்த அழுத்தம் போதுமான அளவு கிடைக்கும். சும்மா ஓடவிட்டாலும் பூப்போல மிதித்தாலும் கிடைக்காது. அப்போது ரிங்கைத் தாண்டி மேலே வரும் ஆயில் சூட்டில் வெந்து, கீறல்களுக்குள் வார்னிஷ் மாதிரி படிந்துவிடும். நான் பார்த்த பளபளப்பு அதுதான். அதற்குப் பிறகு எத்தனை வேகமாக ஓட்டினாலும் பயனில்லை. மறுபடி பிரித்து, மறுபடி ஹோனிங் செய்து, புது ரிங் போட வேண்டும். எனக்கு அப்படித்தான் ஆனது.

கீறல்களின் கூர்மை இருக்கிற காலம் ரொம்பக் குறைவு. முதல் அரை மணி நேரமும் முதல் 50, 100 கிலோமீட்டரும்தான் முக்கியம். அதற்குள் நடக்காத வேலையை ஆயிரம் கிலோமீட்டர் பொறுமையாக ஓட்டி நடத்திவிட முடியாது.

அதனால் முதல் ஓட்டத்தைத் திட்டம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். வண்டியை எடுத்த உடனே அலுவலகம் முடியும் நேரத்து பிஐஇ விரைவுச்சாலையில் போய் மாட்டிக்கொள்ளக் கூடாது. வேலை நாளில் காலை பத்து, பதினொரு மணிக்கு எடுப்பது நல்லது. எஞ்சின் முழுச் சூட்டுக்கு வந்ததும் போக்குவரத்து குறைந்த சாலைக்குப் போங்கள். லிம் சூ காங் பக்கம் பலருக்கும் தோதாக இருக்கும், ஆனால் சைக்கிள் ஓட்டுபவர்கள் வருவார்கள், பார்த்துப் போகணும். கியர் வண்டியென்றால் இரண்டாவது கியரில் 2,000 ஆர்பிஎம்மிலிருந்து (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்றும் சுற்றுகள்) 4,000 வரை, ஆக்சிலரேட்டரைப் பாதிக்கு மேல் மிதித்து, நன்றாக இழுக்க விடுங்கள். சின்னக் கார்களில் இது மணிக்கு 50, 60 கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும், வேக வரம்பை மீற வேண்டியதில்லை. பிறகு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை முழுசாக எடுத்து, கியரிலேயே வண்டியைத் தானாக வேகம் குறைய விடுங்கள். இப்படிப் பத்துப் பதினைந்து தடவை. பின்னால் வண்டி வருகிறதா என்று ஒவ்வொரு தடவையும் கண்ணாடியைப் பாருங்கள்.

காலை எடுக்கிற அந்தப் பகுதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இழுப்பதில் பாதி வேலை என்றால் காலை எடுப்பதில் மீதி. அப்போது சிலிண்டருக்குள் வெற்றிடம் உண்டாகி, கீழிருந்து ஆயிலை ரிங் வரைக்கும் இழுக்கும்; ரிங் குளிரும், தேய்ந்த உலோகத் தூளும் கழுவிக்கொண்டு போகும். ஆட்டோ கியர் வண்டியென்றால் மேனுவல் முறையிலோ 2, எல் போன்ற கீழ்நிலைகளிலோ வைத்து இதையே செய்யலாம். எஸ் நிலை மட்டும் இருக்கிற சிவிடி (படிப்படியான கியர் இல்லாத ஆட்டோ) வண்டிகளில் அந்த அளவு எஞ்சின் பிரேக் கிடைக்காவிட்டாலும், அழுத்துவதும் விடுவதுமாக ஓட்டினால் போதும்.

இதைப் படித்துவிட்டு எதிர்ப்பக்கம் போய்விடவும் கூடாது. பாரம் கொடுப்பது வேறு, விரட்டுவது வேறு. முதல் 500 கிலோமீட்டர் ஆர்பிஎம் மீட்டரின் சிவப்புக் கோட்டுப் பக்கமே போக வேண்டாம், ஆக்சிலரேட்டரைத் தரையோடு நீண்ட நேரம் அழுத்த வேண்டாம். எஞ்சினுக்குள் சுழலும் தண்டைத் தாங்கும் புது பேரிங்கும் இன்னும் பழக வேண்டும். அதே போல, பெரிய கியரில் குறைந்த ஆர்பிஎம்மில் வண்டியைத் திணற விடுவது மிகக் கெட்ட பழக்கம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்துச் சரிவில் ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு மூன்றாவது கியரில் முக்கி முக்கி ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். மெதுவாகத்தானே போகிறோம் என்று தோன்றும். ஆனால் அங்கே பேரிங் படுகிற அடி அதிகம், ஆயில் அழுத்தமோ குறைவு.

ஒரே வேகத்தில் நீண்ட தூரம் போவதும் தவறு. முதல் வாரத்திலேயே மலாக்கா, கோலாலம்பூர் என்று கிளம்பி வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் 110-இல் குரூஸ் கன்ட்ரோலைப் போட்டுவிட்டு உட்காருவதை 1,000 கிலோமீட்டருக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். வேகம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த விதத்தில் நம் ஊர் சிக்னல்கள் உதவிதான்.

இனி, வண்டி உங்கள் கைக்கு வருவதற்கு முன்பே நடந்துவிடுகிற தவறுகள். இவை மெக்கானிக் செய்வது, ஆனால் நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, பெட்ரோல் வராமல் நிறுத்தி, ஸ்டார்ட்டரால் மட்டும் சுற்றி ஆயில் அழுத்தத்தை ஏற்றினார்களா? அப்படிச் செய்யாவிட்டால் பேரிங்குகள் கட்டும்போது தடவிய மசகை மட்டும் நம்பிச் சுழலும். அடுத்தது, ஸ்டார்ட் ஆகாமல் திரும்பத் திரும்பச் சுற்றுவது. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கிற ஆயிலைக் கழுவிவிடும். பழைய புஷ்ராட் வகை எஞ்சின் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு: ரோலர் இல்லாத, தட்டையான டேப்பட் உள்ள கேம் ஷாஃப்ட்டைப் புதிதாகப் போட்டிருந்தால், முதல் ஸ்டார்ட்டிலேயே 2,000 முதல் 2,500 ஆர்பிஎம்மில் இருபது முப்பது நிமிடம் ஓடவிடத்தான் வேண்டும். அதற்குத் துத்தநாகச் சேர்மானம் கூடுதலாக உள்ள ஆயில் தேவை. இன்றைய பெரும்பாலான ஜப்பானிய, கொரியக் கார்களுக்கு இந்தச் சடங்கு கிடையாது.

ஆயில் விஷயத்தில் பாசம் கூடிப்போய், கடையிலேயே விலை கூடிய முழு சிந்தெடிக்கை ஊற்றுகிறார்கள். ரிங் உட்காருவதற்குக் கொஞ்சம் உராய்வு வேண்டும். உராய்வைக் குறைப்பதற்கென்றே சேர்மானங்கள் போட்ட ஆயில் அதைத் தாமதப்படுத்தும். எஞ்சினைக் கட்டியவர் வேறு சொல்லாத வரை, சாதாரண மினரல் ஆயிலோ ரன்னிங்-இன் ஆயிலோ போதும். சிந்தெடிக்குக்கு மாறுவது 1,500 கிலோமீட்டருக்குப் பிறகு. அந்த முதல் ஆயிலை வழக்கம் போல 5,000, 10,000 வரை வைத்திருப்பது இன்னொரு பெரிய தவறு. முதல் மாற்றம் 50, 100 கிலோமீட்டருக்குள், அடுத்தது 500-இல், அப்புறம் 1,500-இல். ஒவ்வொரு தடவையும் ஃபில்டரும் சேர்த்து. முடிந்தால் பழைய ஃபில்டரை வெட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். சாம்பல் நிறத்தில் நைஸான தூள் இருந்தால் இயல்பு. செம்பு நிறத்திலோ, விரல் நகத்தில் எடுக்கிற அளவுக்குச் செதில் செதிலாகவோ இருந்தால் வண்டியை எடுக்காதீர்கள்.

பழைய ரேடியேட்டரையும் வாட்டர் பம்ப்பையும் அப்படியே மாட்டுவதைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. பல எஞ்சின்கள் ஒர்க்ஷாப்புக்கு வருவதே சூடேறி ஹெட் வளைந்ததால்தான். எந்த ரேடியேட்டர் கொன்றதோ அதையே புது எஞ்சினுக்கும் மாட்டினால் எப்படி? புது எஞ்சின் உராய்வால் வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலாகவே சூடேறும், நம் ஊரில் வெளியே 32, 33 டிகிரி. தெர்மோஸ்டாட், ஹோஸ், ரேடியேட்டர் மூடி எல்லாம் புதிதாக இருக்கட்டும். கூலன்ட் ஊற்றியதும் உள்ளே சிக்கிய காற்றை முழுசாக வெளியேற்றினார்களா என்று கேளுங்கள். முதல் சில நாள் காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது கூலன்ட் அளவைப் பாருங்கள், ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கையும் சேர்த்து. முதல் ஓட்டத்தில் பாட்டு வேண்டாம். காது திறந்திருக்கட்டும், கண் வெப்பமானியில் இருக்கட்டும்.

தொடக்கத்தில் கொஞ்சம் ஆயில் குறைவது பயப்படும் விஷயம் இல்லை. நாளுக்கு நாள் அது குறைந்துகொண்டே வர வேண்டும். 1,500 கிலோமீட்டர் ஆனதும் ஒரு கம்ப்ரஷன் சோதனை (ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் பிடிக்கிறது என்று பார்ப்பது) செய்யுங்கள். சிலிண்டர்களுக்குள் வித்தியாசம் பத்து விழுக்காட்டுக்குள் இருந்தால் நல்லது. பத்து வயது தாண்டிய வண்டிக்கு ஆண்டுதோறும் பரிசோதனை உண்டு, புகையை அங்கே மறைக்க முடியாது. ஒர்க்ஷாப் எத்தனை மாதம் அல்லது எத்தனை கிலோமீட்டருக்கு வாரண்டி கொடுத்திருக்கிறது என்று ரசீதில் பார்த்து, அது முடிவதற்கு முன்பே அந்தச் சோதனையை முடித்து, எண்களை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.