கடல் உயிரிகளில் ஒளிர் உணரி: எங்கே தவறு நடக்கிறது?

மண்டபம், பாம்பன் கரையில் எடுத்த சிப்பியிலும் பாசியிலும் துத்தநாகமோ தாமிரமோ பாதரசமோ இருக்கிறதா என்று ஒளிர் உணரி வைத்துத் தேடுவது நல்ல முயற்சி. குறிப்பிட்ட அயனியைப் பிடித்ததும் ஒளிரும் மூலக்கூறுதான் உணரி. குவெட்டில் (கரைசலை அளக்கும் சிறு கண்ணாடிக் குப்பியில்) கச்சிதமாக வேலை செய்யும் அதே மூலக்கூறு சிப்பிக்குள் போனதும் தப்பான விடை தந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது சுற்றியிருக்கும் உப்பையும் திசுவையும்தான்.

பஃபரிலேயே, அதாவது பிஎச் மாறாமல் காக்கும் கரைசலிலேயே, பாதிப் பேர் சறுக்குகிறார்கள். பாலூட்டிச் செல்லுக்கு எழுதிய செய்முறையை அப்படியே எடுத்து, சிப்பியின் ரத்த அணுக்களைப் பிபிஎஸ் எனும் பாஸ்பேட் உப்புக்கரைசலில் கழுவுவார்கள். அதன் சவ்வூடு செறிவு (கரைந்திருக்கும் துகள்களின் மொத்த அளவு) லிட்டருக்கு ஏறத்தாழ 300 மில்லிஆஸ்மோல். சிப்பி, மட்டி இவற்றின் உடல்திரவமோ கடல்நீரை ஒட்டி 1,000 வரை நிற்கும். அணுக்கள் தண்ணீர் குடித்து உப்பி வெடிக்கும். கிழிந்த சவ்வு வழியே உணரி தாராளமாக நுழைந்து புரதங்களில் ஒட்டி ஒளிரும். பார்ப்பவர் அதை உலோகம் என்று எழுதிவிடுவார். போதாக்குறைக்கு, பாஸ்பேட் துத்தநாகத்தோடு சேர்ந்து வீழ்படிவாகிவிடும். 20 மில்லிமோலார் ஹெப்பீஸ் (பாஸ்பேட் இல்லாத பஃபர்), பிஎச் 7.4, ஆஸ்மோல் அளவைச் சோடியம் குளோரைடால் கடல்நீர் மட்டத்துக்கு உயர்த்திய கரைசல்தான் இங்கே சரி. அணுக்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று செத்த அணுக்களை நீலமாக்கும் டிரிப்பான் புளூ சாயத்தால் பாருங்கள். ஆனால் தனிச் சொட்டில். அந்தச் சாயமே புரதத்தில் ஒட்டினால் சிவப்பில் ஒளிரும்.

அடுத்தது தேர்வுத்திறன் சோதனை: உணரி தன் உலோகத்துக்கு மட்டும்தான் ஒளிர்கிறதா என்று பார்ப்பது. மற்ற அயனிகளைப் பத்து மடங்கு சேர்த்துப் பார்த்து 'குறுக்கீடு இல்லை' என்று முடிப்பது வழக்கம். கடல்நீரில் லிட்டருக்கு மக்னீசியம் சுமார் 53 மில்லிமோல், கால்சியம் 10, குளோரைடு அரை மோலுக்கு மேல். 5 மைக்ரோமோலார் உணரிக்கு எதிரே மக்னீசியம் பத்தாயிரம் மடங்கு! பாதரச அயனியைக் குளோரைடு அணைத்துக்கொள்வதால், வெறுந்தண்ணீரில் உடனே ஒளிர்ந்த உணரி இங்கே சும்மா இருக்கலாம். வாலிநோக்கம் போன்ற உப்பளப் பாத்தி நீர் என்றால் கால்சியம் ஜிப்சமாகப் படிந்து விகிதமே மாறியிருக்கும். அதற்குத் தனி அளவீட்டுக் கோடு (தெரிந்த உலோக அளவுக்கு எவ்வளவு ஒளி என்ற வரைபடம்) போட வேண்டும்.

பாசியில் வேறு சிக்கல். கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்துப் பாசி, கப்பாபைகஸ் எல்லாமே சிவப்புப் பாசிகள். அவற்றிலுள்ள ஃபைக்கோஎரித்ரின் எனும் சிவப்பு நிறமி 575–580 நானோமீட்டரில் தானாகவே ஒளிரும். ரோடமின் எனும் சாயத்தால் செய்த உணரிகளும் கிட்டத்தட்ட அங்கேதான் ஒளிரும். பச்சையமோ 680-ஐ ஒட்டி. ஆகவே நான்கு தட்டுகள் கட்டாயம்: எதுவும் சேர்க்காதது, உணரி மட்டும், உலோகம் மட்டும், இரண்டும். படம் எடுக்கும் ஒளியளவையும் நேரத்தையும் நான்குக்கும் மாற்றவே கூடாது.

ரோடமின் வளைய உணரிகள் உலோகம் பட்டதும் வளையம் திறந்து ஒளிர்பவை; ஆனால் அமிலத்திலும் திறந்துகொள்ளும். மட்டியின் செரிமானச் சுரப்பியில் லைசோசோம்கள் (செல்லுக்குள் இருக்கும் அமிலப் பைகள்) ஏராளம். உள்ளே பிஎச் 4.5–5. உலோகமே இல்லாமல் இளஞ்சிவப்பு வரும். பிஎச் 4 முதல் 9 வரை வெறும் உணரியை அளந்து வையுங்கள். துத்தநாக உணரி என்றால், ஒளிர்ந்த திசுவில் துத்தநாகத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும் டிபென் (TPEN) சேர்த்துப் பாருங்கள். ஒளி இறங்காவிட்டால் அது துத்தநாகம் என்று சொல்ல முடியாது.

உணரியை ஏற்ற 5 மைக்ரோமோலார், இருட்டில் 30 நிமிடம், இரண்டு முறை கழுவல், உணரியைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ 0.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ரப்பர் அடைப்பானும் லேட்டக்ஸ் கையுறையும் துத்தநாகம் கசியவிடும். பிளாஸ்டிக் குப்பிகளை 10 சதவீத நைட்ரிக் அமிலத்தில் ஓர் இரவு ஊறவைத்துக் கழுவுங்கள்.

உணரிக்குத் தெரிவது தளர்வாக இருக்கும் அயனி மட்டுமே. மெட்டாலோதயோனின் புரதம் இறுகப் பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் அதன் கண்ணில் படாது. எனவே ஒளி மங்கலாக இருப்பதை வைத்து 'இந்தச் சிப்பி சாப்பிடத் தகுந்தது' என்று மீனவக் குடும்பங்களிடம் சொல்லிவிடாதீர்கள். உணவு வரம்போடு ஒப்பிட, திசுவை அமிலத்தில் கரைத்து ஐசிபி-எம்எஸ் எனும் உலோகம் அளக்கும் கருவியில் மொத்த அளவை எடுத்தாக வேண்டும்.