ஸ்லைட் போனவனைத் திட்டாதீர்கள்: லக்ரோஸ் தடுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கொழும்பில் பத்துப் பன்னிரண்டு பெடியளுக்கு லக்ரோஸ் (முனையில் வலை கட்டிய ஸ்டிக்கால் பந்தை எறிந்து பிடித்துக் கோல் அடிக்கும் ஆட்டம்) பழக்குகிறேன். 2028 லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட்டோடு லக்ரோஸும் சேர்க்கப்பட்ட செய்தியைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் பாதிப்பேர். மற்றவர்கள் றக்பியும் கூடைப்பந்தும் விளையாடியவர்கள். ஸ்டிக்குகள் கனடாவிலிருந்து என்னோடு வந்தவை. தடுப்பாட்டக்காரரின் நீள ஸ்டிக் 6 அடி வரை இருக்கும்; ஓட்டோவில் ஏற்றினால் ஒரு முனை காலி (Galle) வீதியை எட்டிப் பார்த்துக்கொண்டே வரும்.

போன வாரம் பக்கக் கோட்டில் நின்று அவர்கள் ஆடுவதைப் பார்த்தேன். ரொறொன்ரோவில் இருபது வயதில் நான் விட்ட பிழைகள், அதே ஒழுங்கில் வந்தன. ஹெல்மெட் பட்டியைக் கட்டாதது, ஸ்டிக்கை ஒற்றைக் கையால் வீசுவது எல்லாம் ஓர் அடி விழுந்தால் தானாகத் திருந்திவிடும். அவற்றை விடுகிறேன். இது ஸ்லைட் பற்றி மட்டும்.

ஆட்டம் புதியவர்களுக்கு ஒரு சொல். ஆண்களின் பத்துப் பேர் ஆட்டத்தில், கோல் பக்கம் ஆறு பேர் தாக்குவார்கள், ஆறு பேர் தடுப்பார்கள், பின்னால் கோலி. பந்தோடு வருபவன் தன்னைக் காப்பவனைத் தாண்டிவிட்டால், இன்னொரு தடுப்பாளன் தன் ஆளை விட்டுவிட்டு ஓடிப்போய் அவனை மறிக்க வேண்டும். அதுதான் ஸ்லைட்.

றக்பி மாதிரிப் பாய்வது

றக்பிப் பெடியள் இடுப்பைக் கட்டிப் பிடிக்கப் போகிறார்கள். இங்கே பிடிப்பதும் குற்றம், பின்னாலிருந்து இடிப்பதும் குற்றம். நீங்கள் வெளியே போய் இருக்க, அணி ஓர் ஆள் குறைவாக ஆட வேண்டிவரும். அதைவிடப் பெரிய தொல்லை, முழு வேகத்தில் போனால் அவன் ஒரு எட்டு விலகினாலே நீங்கள் பார்வையாளர் பக்கம் போய்ச் சேர்ந்துவிடுவீர்கள். கடைசி இரண்டு மூன்று எட்டைக் குறுக்கி வையுங்கள். ஸ்டிக் மேலே, பந்து கைமாறக்கூடிய வழியில் இருக்கட்டும்.

வாயைத் திறக்காதது

முதலில் போகப் போகிறவன் ‘ஹொட்’ என்றும், அவன் விட்ட இடத்தை நிரப்பப் போகிறவன் ‘டூ’ என்றும் பந்து வருவதற்கு முன்பே கத்த வேண்டும். எங்கள் கூட்டத்தில் மூன்று மொழி. ஒரு நாள் ஒருவன் "நான் போறன்" என்றான், மற்றவன் அதையே சிங்களத்தில் "மம யன்னம்" என்றான். இருவரும் ஒரே ஆளிடம் போய் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். அன்றிலிருந்து இந்த இரண்டு சொல்லைத் தவிர வேறெதுவும் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

இரண்டாமவன் நிற்பது

இதுதான் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் தருவது. பந்தோடு ஒருவன் தாண்டி வருகிறான். கிரீஸ் ஓரம் நிற்கும் தடுப்பாளன் சரியான நேரத்தில் ஸ்லைட் போகிறான். (கிரிக்கெட் கிரீஸ் அல்ல, கோலைச் சுற்றி 9 அடி ஆரத்தில் போட்ட வட்டம்.) அவன் விட்டுவிட்டுப் போன ஆளுக்குப் பந்து போகிறது. கோல். உடனே எல்லாரும் திரும்பி ஸ்லைட் போனவனைப் பார்க்கிறார்கள்: "உன்ர ஆளை ஏன் விட்டனி?"

விடத்தான் வேண்டும், அதற்குத்தானே அனுப்பினோம். பிழை, அந்த இடத்தை நிரப்ப வேண்டிய ‘டூ’ நின்று வேடிக்கை பார்த்தது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு அம்மா கேற் திறக்கப் போகிறார். பால் பொங்கி வழிந்தால் கேற் திறந்த அம்மாவையா குறை சொல்வது? குசினியில் போனைப் பார்த்துக்கொண்டு நின்றவரைத்தானே கேட்க வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். தாண்டப்பட்டவனும் ஸ்லைட் போனவனும் பந்துப் பக்கம் இருக்கிறார்கள். மீதி நான்கு பேர் ஐந்து பேரைப் பார்க்க வேண்டும். ஒருவன் தனித்து நிற்பதைத் தடுக்கவே முடியாது. அது யார் என்பதை மட்டும் நாம் தீர்மானிக்கலாம்: பந்திலிருந்து மிகத் தூரத்தில் நிற்பவன். அவனுக்கு எறிய நீளமான எறி வேண்டும். அது காற்றில் வரும் நேரத்தில் நாங்கள் திரும்பலாம். கிரீஸ் ஓரம் நிற்பவனுக்கோ அரை விநாடிகூட வேண்டாம். ஆகவே தூரத்து ஆளைக் காப்பவன் அவனை விட்டுவிட்டு உள்ளே வர வேண்டும்.

எப்போது வர வேண்டும் என்பதில்தான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுகிறார்கள். பந்து எறிபட்ட பிறகு கிளம்பினால் முடிந்தது கதை. ‘ஹொட்’டின் கால் நகரும்போது உங்கள் காலும் நகர வேண்டும். ஒரு தம்பி கேட்டான்: "அண்ணா, என்ர ஆளை நான் விட்டா அவன் அடிச்சிடுவானே?" அடிக்கட்டும். அங்கிருந்து அடித்தால் கோலிக்கு வாய்ப்பிருக்கிறது. கிரீஸ் ஓரம் மூன்று மீற்றரிலிருந்து அடித்தால் பாவம், அவனால் கண்ணை மூடிக்கொள்ள மட்டும்தான் முடியும்.

இவ்வளவு எரிச்சல் ஏன் என்றால், ரொறொன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு ஆட்டத்தில் அந்த ‘டூ’ நான்தான். ‘டூ’ என்று கத்தியதும் நான்தான். கத்திவிட்டு நின்றேன். கோல் விழுந்தது. பயிற்றுநர் ஸ்லைட் போனவனை வெளியே இழுத்து, எல்லார் முன்னாலும் கிழித்தார். நான் வாய் திறக்கவில்லை. அடுத்த ஆட்டத்தில் அவன் ஸ்லைட் போகத் தயங்கினான். பந்தோடு வந்தவன் நடந்து போய் அடித்தான். அதைப் பார்த்த மற்றவர்களும் தங்கள் ஆளை விடவே பயந்தார்கள். ஒரு பருவம் முழுக்க நாங்கள் ஆறு பேரும் ஆறு தனியாட்களாக நின்று கோல் வாங்கினோம். அவன் அதற்குப் பிறகும் என்னை வீடு வரை காரில் கொண்டுபோய் விடுவான். அப்போதும் நான் சொல்லவில்லை.

அதனால் இப்போது பந்தே இல்லாமல் பழக்குகிறேன். தாக்குபவர்களுக்குப் பதில் ஆறு தண்ணீர்ப் போத்தல். எந்தப் போத்தலிடம் பந்து என்று கத்துவேன்; ‘ஹொட்’டும் ‘டூ’வும் ஒன்றாக நகராவிட்டால் திரும்ப முதலிலிருந்து. ஒன்பது மணி வெயிலில் என்னை மனதுக்குள் திட்டுவார்கள், தெரியும்.

முந்திப் போவது

உங்கள் கூட்டாளி இன்னும் தாண்டப்படவில்லை. இருங்கள்.

தாண்டப்பட்டவன் துரத்திக்கொண்டே ஓடுவது

ஸ்லைட் வந்துவிட்டதா, பந்தோடு போனவனை விட்டுவிட்டு நேரே கிரீஸின் முன்பக்கத்துக்குத் திரும்புங்கள். அங்கே வந்து தலையைத் திருப்பி யார் தனியே நிற்கிறான் என்று பாருங்கள். அவன்தான் இனி உங்கள் ஆள். கூடைப்பந்துப் பெடியளுக்கு இது சொல்லாமலே வருகிறது. மற்றவர்கள் பழைய ஆளைத் தேடி ஓட, இரண்டு பேர் ஒருவனைக் காத்துக்கொண்டு நிற்கிறார்கள். போன ஞாயிறு மூன்று பேர் நின்றார்கள்.