சைக்கிள் கதைக்குச் செத்தவீட்டு இசை: குறும்படம் எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் கிளிநொச்சியில் இளையவர்கள் சிலர் தாங்கள் எடுத்த குறும்படங்களைப் பார்த்துக் கருத்துச் சொல்லக் கூப்பிட்டிருந்தார்கள். ஏழு படங்கள். அதில் ஐந்தில் முதல் நிமிடம் முடிவதற்குள்ளேயே வயலின் அழத் தொடங்கிவிட்டது. ஒரு படத்தில் பெடியன் ஒருவன் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு குளத்துக்குக் குளிக்கப் போகிறான். அவ்வளவுதான் காட்சி. அதற்கும் வயலின். எனக்கு என் முதல் படம் ஞாபகம் வந்துவிட்டது. அன்றைக்கு யாராவது பக்கத்தில் இருந்து சொல்லியிருந்தால் அந்தப் படம் எனக்கு மிஞ்சியிருக்கும்.

கமரா ஆடுவது, போகஸ் தவறுவது, பாதியில் பற்றரி தீர்வது பற்றியெல்லாம் இங்கே எழுதவில்லை. அவை இரண்டாவது படத்தில் தாமாகவே திருந்திவிடும். திருந்தாமல் நிற்பவை வேறு.

இசையைப் போட்டுக் காட்சியை மூடுவது

என் முதல் படத்தின் கதை மிகச் சிறியது. புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு தகப்பன் மகளுக்காகப் பழைய சைக்கிள் ஒன்றை வாங்கி, உருட்டிக்கொண்டு வீட்டுக்கு வருகிறார். வழியில் காற்றுப் போகிறது. கடையில் நின்று ஒட்டுகிறார். கையில் மிஞ்சிய காசுக்கு ஒரு மணி பூட்டுகிறார். கடைசியில் மகள் அந்த மணியை அடிக்கிறாள். பார்ப்பவர் முகத்தில் சிரிப்பு வரவேண்டிய படம்.

தை மாதம், வயல் பச்சையாக நின்ற நேரம், மூன்று நாள் எடுத்தோம். வாடகைக் கமரா. சத்தத்துக்கென்று தனியாக எதுவும் இல்லை, கமராவில் இருந்த மைக்தான். எடிற் பண்ண இருந்தபோதுதான் தெரிந்தது: முழுக்கக் காற்று இரைச்சல். அப்போது எடுத்த முடிவுதான் படத்தைக் கொன்றது. சத்தம் முழுவதையும் அணைத்துவிட்டு, இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஒரு வயலின் இசையை ஒன்பது நிமிடத்துக்கும் நீட்டிப் போட்டேன். அதன் அடியில் கீழ்ச்சுருதியில் ஒரு நீண்ட முழக்கம் ஓடிக்கொண்டிருந்தது. ஆழமாக இருக்கிறது என்று நினைத்தேன்.

ஊர்ப் பொதுநோக்கு மண்டபத்தில் காட்டினோம். முடிந்ததும் முன்வரிசையில் இருந்த ஆச்சி ஒருவர் என் கையைப் பிடித்துச் சொன்னார்: “தம்பி, அந்த மனிசன் எந்த இடத்தில சாகப்போறார் எண்டு நெஞ்சிடியோட பாத்துக்கொண்டிருந்தன். நல்லவேளை, சாகேல்லை.”

அவர் படத்தைப் பிழையாகப் பார்க்கவில்லை. நான் போட்ட இசை சொன்னதைத்தான் கேட்டார். வெறும் வீதியில் ஒரு மனிதரைப் பின்னால் இருந்து தூரத்தில் காட்டி, அடியில் அந்த முழக்கத்தையும் போட்டால், இவருக்கு ஏதோ நடக்கப் போகிறது என்றுதான் பொருள். அதே நடைக்குக் கிரவல் கல்லில் டயர் உருளும் சத்தமும் செயின் உரசும் சத்தமும் மட்டும் இருந்திருந்தால், அவர் வீட்டுக்குப் போகிறார் என்று பொருள். காட்சி மாறவில்லை, படத்தின் வகையே மாறிவிட்டது.

லெவ் குலெஷோவ் என்ற ரஷ்ய இயக்குநர் நூறு வருடங்களுக்கு முன்பே இதைப் படத்தொகுப்பில் செய்து காட்டியவர். ஒரு நடிகரின் சலனமில்லாத ஒரே முகத்தை ஒருமுறை சூப் கோப்பைக்குப் பக்கத்திலும் இன்னொருமுறை சவப்பெட்டிக்குப் பக்கத்திலும் ஒட்டினார். பார்த்தவர்களுக்கு முதலாவதில் பசி தெரிந்தது, இரண்டாவதில் துக்கம் தெரிந்தது. பக்கத்தில் வைக்கும் படம் செய்வதை அடியில் வைக்கும் சத்தமும் செய்யும், அதைவிட வேகமாக. இது பயப்படும் படமா, சிரிக்கும் படமா, அழும் படமா என்பதை மனிதர்கள் முதல் ஒன்றிரண்டு நிமிடத்திலேயே காதால் முடிவு செய்துவிடுகிறார்கள். பிறகு வரும் எல்லாவற்றையும் அந்த முடிவை வைத்துத்தான் பார்ப்பார்கள்.

இந்தப் பிழை எனக்கு இன்னும் எரிச்சல் தருவதற்கு வேறு காரணமும் இருக்கிறது. வெளியில் இருந்து வந்து வன்னியைப் படம் பிடித்தவர்களில் பலர் இந்த மண்ணுக்கு இந்த ஒரே இசையைத்தான் போட்டார்கள். கேட்டுக் கேட்டு, எங்கள் இடத்துக்கு இதுதான் சத்தம் என்று நாங்களே நம்பிவிட்டோம். துயரத்தைச் சொல்லாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. இழப்பில்லாத வீடு இங்கே அரிது. ஆனால் அந்த வீட்டிலும் காலையில் தேத்தண்ணி கொதிக்கிறது, பிள்ளைகள் சண்டை பிடிக்கிறார்கள். குளிக்கப் போகிற பெடியனுக்கே அழுதுவிட்டால், உண்மையாக அழவேண்டிய காட்சி வரும்போது உங்களிடம் எந்தச் சத்தம் மிச்சம் இருக்கும்?

இசையே இல்லாமல் பயமுறுத்தவும் முடியும். ஹிட்ச்காக் 1963இல் எடுத்த ‘தி பேர்ட்ஸ்’ படத்துக்கு வழக்கமான பின்னணி இசை கிடையாது. கருவியில் உருவாக்கிய பறவைச் சத்தங்களும் மௌனமும்தான். எங்களுக்கு அந்தக் கருவிகூடத் தேவையில்லை. இரவில் வயற்பக்கம் ஆட்காட்டிக் குருவி கத்தினால் அங்கே யாரோ நடக்கிறார்கள் என்பது இங்கே வளர்ந்த எல்லோருக்கும் தெரியும். வீட்டுக்குள் இரண்டு பேர் கதைத்துக்கொண்டிருக்கும் காட்சியில், தூரத்தில் ஒருமுறை ஆட்காட்டி கத்தட்டும். ஒருவர் கதையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கட்டும். திகில் படம் தொடங்கிவிட்டது. மயில் அப்படியில்லை, அது இரண்டு பக்கமும் நிற்கும். காலையில் தேங்காய் திருவும் சத்தத்தோடு அகவினால் அது அன்றாடம். பொழுதுபட்ட பிறகு, வேறு எந்தச் சத்தமும் இல்லாமல் அகவினால் யாரோ கூப்பிட்டது போல இருக்கும். லாண்ட்மாஸ்ரர் என்ற இரண்டு சில்லு உழவு மெசினின் சத்தம் மெல்ல மெல்லத் தேய்ந்தால் ஒருவர் போய்விட்டார். வசனமே வேண்டாம்.

சரி, செய்ய வேண்டியது இதுதான். ஒவ்வொரு இடத்திலும் காட்சி முடிந்ததும் எல்லோரையும் அசையாமல் நிற்கவைத்து, அந்த இடத்தின் சத்தத்தை ஒரு நிமிடம் தனியாகப் பதிவு செய்யுங்கள். வசனத்துக்கு இன்னொரு போனை நடிப்பவரின் சட்டைப் பைக்குள் பதிவில் போட்டுவிட்டு, தொடக்கத்தில் ஒருமுறை கை தட்டுங்கள். எடிற்றிங்கில் படத்தையும் சத்தத்தையும் பொருத்த அந்தத் தட்டல் போதும். சோளகக் காற்று வீசும் மாதங்களில் மைக்கின் மேல் பொம்மைக் கரடியில் இருப்பது போன்ற மயிர்த்துணியைச் சுற்றுங்கள். இரைச்சல் பெருமளவு அடங்கும். முதல் எடிற்றை இசை இல்லாமலே முடியுங்கள். இசை இல்லாமல் காட்சி செத்துக் கிடந்தால், பிழை காட்சியில்தான்.

உச்சி வெயிலில் முகத்தை எடுப்பது

வன்னி ஏறக்குறைய ஒன்பது பாகை வட அகலக்கோட்டில் இருக்கிறது. ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகலில் சூரியன் நேரே உச்சியில் நிற்கும். அந்த வெளிச்சத்தில் கண்குழி இரண்டும் கறுத்துவிடும். கண் தெரியாத முகம் வில்லனின் முகம். பாசமான தாயை அந்த நேரம் முற்றத்தில் நிறுத்தி எடுத்தால் அவரைப் பார்க்கப் பயமாக இருக்கும். மாமர நிழலுக்கோ விறாந்தைக்கோ கொண்டுபோய், முன்னால் ஒரு வெள்ளைத் துணியை விரியுங்கள். கண்ணுக்கு வெளிச்சம் வந்துவிடும்.

இதே வெயிலில் இன்னொன்றும் நடக்கிறது. வெளிச்சம் கூடும்போது போன் தானாகவே ஷட்டர் வேகத்தை, அதாவது ஒவ்வொரு பிரேமுக்கும் வெளிச்சத்தை உள்ளே விடும் வேகத்தை, ஏற்றிவிடும், செக்கனில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதற்கு மேலும். அப்போது அசைவு வெட்டி வெட்டித் தெரியும். போர்க்காட்சிகளில் பதற்றம் வருவதற்காக வேண்டுமென்றே செய்யும் வேலை அது. கோயில் திருவிழாவில் ஓடும் பிள்ளைகளை அப்படி எடுத்தால் அவர்கள் எதற்கோ தப்பி ஓடுவது போல இருக்கும். செக்கனுக்கு 25 பிரேமில் எடுத்தால் ஷட்டரை செக்கனில் 50இல் ஒரு பங்கில் பூட்டிவிட்டு, வெளிச்சத்தைக் குறைக்க லென்சுக்கு முன்னால் என்டி பில்டர் என்ற கறுப்புக் கண்ணாடியைப் போடுங்கள்.

இரவு வீட்டுக்குள் மினுங்கும் வெளிச்சம்

எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். ஷட்டர் செக்கனில் 50இலோ 100இலோ ஒரு பங்காக இல்லாவிட்டால் சில எல்ஈடி பல்புகள் படத்தில் மினுங்கும். குடும்பம் இருந்து சாப்பிடும் காட்சி பேய் வீடாகிவிடும்.

கோணல் ஷாட்

காரணம் சொல்ல முடியாவிட்டால் கமராவைச் சரிக்காதீர்கள்.

ட்ரோன்

அனுமதி எடுங்கள், பிறகு ஒரே ஒரு ஷாட் வையுங்கள்.

நிறத்தை உறிஞ்சி எடுப்பது

வன்னிக் கதை என்றால் சாம்பல் நிறம் என்று யார் சொன்னது? காலபோக நெல்லின் பச்சையும் செம்மண்ணும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கிற ஊர் இது.

பிறகு வந்து எடுக்கலாம் என்று விடுவது

அந்த ஆச்சி சொன்ன பிறகு, சத்தத்தை மட்டும் திரும்ப எடுத்துச் சைக்கிள் படத்தைக் காப்பாற்றலாம் என்று பங்குனியில் அதே இடத்துக்குப் போனேன். கதிர் உரசும் சத்தம் இல்லை, ஏனென்றால் வயலே இல்லை. எந்தப் பக்கம் மைக்கைத் திருப்பினாலும் வெட்டு மெசின். தகப்பனாக நடித்தவர் வேலை தேடி மன்னார்ப் பக்கம் போயிருந்தார். இரண்டாம் முறையும் வாடகை கட்டியதுதான் மிச்சம். அந்தப் படம் இன்னும் அப்படியே கிடக்கிறது.

குளிக்கப் போன பெடியனை எடுத்த தம்பிக்கு இதைச் சொன்னேன். அடுத்த நாள் விடியவே குளக்கட்டுக்குப் போய் நான்கு நிமிடம் பதிவு செய்து அனுப்பியிருந்தான். தண்ணீர் கல்லில் அடிக்கிறது, தூரத்தில் யாரோ உடுப்புத் தோய்க்கிறார்கள், நடுவில் ஒரு சைக்கிள் மணி. கீழே ஒரு வரி எழுதியிருந்தான்: “அண்ணை, அந்த மணியை வெட்டவோ?”

வெட்ட வேண்டாம் என்று உடனே பதில் போட்டேன்.