நாட் கிங் கோலின் கிறிஸ்துமஸ் இசைத்தட்டு: எதை வாங்குவது, எப்படிக் கேட்பது

அமெரிக்கப் பாடகர் நாட் கிங் கோல் முழு ஆல்பமாகப் பாடிப் பதிவு செய்த கிறிஸ்துமஸ் தொகுப்பு ஒன்றே ஒன்றுதான். ஆனால் பழைய தட்டுக் கடையில் அது இரண்டு பெயர்களில், இரண்டு எண்களில் கிடைக்கும். தேடிப்போகிறவர்கள் முதலில் ஏமாறுவது இங்கேதான்.

1960இல் கேப்பிட்டல் நிறுவனம் அதை 'தி மேஜிக் ஆஃப் கிறிஸ்துமஸ்' என்று வெளியிட்டது. இசைக்கோப்பும் நடத்துதலும் ரால்ஃப் கார்மைக்கேல். மொத்தம் 14 பாட்டு. எல்லோரும் தேடுகிற 'தி கிறிஸ்துமஸ் சாங்' அதில் கிடையாது. 1963இல் அதே ஆல்பத்துக்கு 'தி கிறிஸ்துமஸ் சாங்' என்று பெயரை மாற்றி, 'காட் ரெஸ்ட் யீ மெரி ஜென்டில்மென்' பாட்டை எடுத்துவிட்டு, 1961இல் தனியாகப் பதிவான பெயர்ப்பாட்டை முதல் பக்கத்தின் தொடக்கத்தில் வைத்தார்கள். ஒன்று வாங்கினால் போதும் என்றால் 1963 தட்டை வாங்குங்கள். கார்மைக்கேல் கோத்த 14 பாட்டையும் ஒன்றுவிடாமல் கேட்க வேண்டுமென்றால் 1960 தட்டும் தேவை.

அட்டையை நம்ப வேண்டாம். உறை ஒன்று, உள்ளே தட்டு வேறு என்று மாறியிருப்பது பழைய தட்டுகளில் சகஜம். தட்டை வெளியே எடுத்து லேபிளில் எண்ணைப் பாருங்கள். 1960 வெளியீட்டின் எண் 1444, 1963இன் எண் 1967. (1967 என்பது ஆண்டு அல்ல, வரிசை எண். விற்பவர்களே இதை ஆண்டு என்று எழுதிவைப்பதுண்டு.) எண்ணுக்கு முன்னால் 'டபிள்யூ' மட்டும் இருந்தால் மோனோ (ஒற்றை ஒலி), 'எஸ்.டபிள்யூ.' என்றிருந்தால் ஸ்டீரியோ (இடம், வலம் என இரு ஒலி). ஊசி கடைசியில் சுற்றிவரும் வெற்று வளையத்திலும் இதே எண் பொறிக்கப்பட்டிருக்கும். லேபிளும் அதுவும் ஒத்துப்போக வேண்டும்.

எந்தக் காலத்து அச்சு என்பதையும் லேபிளே சொல்லும். கறுப்பு லேபிள், ஓரத்தில் வானவில் வளையம், கேப்பிட்டல் சின்னம் இடப்பக்கம் என்றால் 1962க்கு முந்தைய அச்சு. 1444இன் முதல் அச்சு அப்படித்தான் இருக்கும். அதே வானவில் வளையத்தோடு சின்னம் மேலே இருந்தால் 1962க்கும் 1969க்கும் இடைப்பட்டது; 1967ஆம் எண்ணின் முதல் அச்சு இந்த வகை. பச்சை லேபிளும் ஆரஞ்சு லேபிளும் பிற்கால மறு அச்சுகள். அவற்றைத் தள்ளிவிட வேண்டியதில்லை. தேய்ந்துபோன முதல் அச்சைவிட அதிகம் ஓடாத மறு அச்சு எப்போதும் நன்றாகக் கேட்கும்.

இணையத்தில் கேட்பவர்களுக்கும் ஒரு குழப்பம் உண்டு. பாட்டின் பக்கத்தில் காட்டும் ஆண்டு பெரும்பாலும் மறுவெளியீட்டு ஆண்டுதான். மெல் டார்மேயும் பாப் வெல்ஸும் 1945இல் எழுதிய 'தி கிறிஸ்துமஸ் சாங்' பாட்டை கோல் நான்கு முறை பதிவு செய்தார். எது எதுவென்று காதாலேயே பிரித்துவிடலாம். பியானோ, கிட்டார், பேஸ் மூன்று மட்டும் கேட்டால் 1946 ஜூன் பதிவு. அந்த மூன்றோடு சிறிய வயலின் கூட்டம் சேர்ந்தால் அதே ஆண்டு ஆகஸ்ட் பதிவு. அன்று கடைக்கு வந்ததும் அதுதான். முழு ஆர்க்கெஸ்ட்ரா இருந்தும் ஒலி ஒற்றைப் புள்ளியிலிருந்து வந்தால் நெல்சன் ரிடில் நடத்திய 1953 பதிவு. வயலின்கள் இரண்டு பக்கமும் விரிந்து, குரல் நடுவில் நின்று, கொஞ்சம் கரகரப்பும் கனமும் கூடியிருந்தால் 1961. டிசம்பரில் கடைகளிலும் வானொலியிலும் கேட்பது இதுதான். 2021இல் 'எ சென்டிமென்டல் கிறிஸ்துமஸ் வித் நாட் கிங் கோல் அண்ட் ஃப்ரெண்ட்ஸ்' என்றொரு தொகுப்பு வந்தது. அதில் பழைய குரலின் கீழே புது இசைக்கோப்பு, கூடவே இன்றைய பாடகர்கள். கார்மைக்கேலின் இசை வேண்டுமென்றால் அது அல்ல.

வாங்கும் முன் பார்க்க வேண்டியது

கிறிஸ்துமஸ் தட்டுகளின் தேய்மானம் மற்ற தட்டுகளைப் போல இருக்காது. ஆண்டில் 11 மாதம் உறைக்குள் கிடக்கும். ஒரு மாதம் காலை முதல் இரவு வரை ஓடும். அதுவும் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, தானாக விழவைக்கும் பழைய பிளேயர்களில், 5 கிராமுக்கும் மேல் அழுத்துகிற செராமிக் கார்ட்ரிட்ஜில் (ஊசியைத் தாங்கும் பகுதி), பல ஆண்டு மாற்றாத ஊசியில். அதனால் பளபளவென்று தெரியும் தட்டுகூட உள்ளே அரைபட்டிருக்கலாம்.

தட்டை மேசை விளக்கின் கீழே சாய்த்துப் பிடியுங்கள். தடங்கள் கறுப்பாக மின்னினால் நல்லது. சாம்பல் பூத்த மாதிரி மங்கினால் தேய்ந்தது. கீறலின் குறுக்கே நகத்தை மெல்ல நகர்த்துங்கள். நகத்தில் தட்டுப்படாவிட்டால் லேசான சரசரப்போடு போய்விடும். தட்டுப்பட்டால் சுற்றுக்கு ஒரு 'டக்' நிச்சயம். நடுத்துளையைச் சுற்றி லேபிளில் மெல்லிய கோடுகள் நிறைய இருந்தால் பலமுறை ஓடிய தட்டு.

கடையில் ஓட்டிக் காட்டச் சொல்ல முடிந்தால் முதல் பாட்டைப் போடச் சொல்லாதீர்கள். அது எப்போதும் நன்றாகத்தான் கேட்கும். 1963 தட்டில் முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டான 'ஓ ஹோலி நைட்'டின் முடிவைக் கேளுங்கள். காரணம் எளிது: நிமிடத்துக்கு 33⅓ சுற்றில் தட்டின் வெளி ஓரத்தில் ஊசிக்கடியில் நொடிக்கு ஏறக்குறைய 51 செ.மீ. தடம் ஓடுகிறது, லேபிளை நெருங்கும்போது அது 21 செ.மீ. ஆகிவிடும். அதே ஒலி பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கி வெட்டப்பட்டிருக்கும். மழுங்கிய ஊசி முதலில் நாசம் செய்வது அந்த இடத்தைத்தான். அங்கேதான் இந்தப் பாட்டு உச்சத்துக்குப் போகிறது, சேர்ந்திசையும் எழும்புகிறது. குரல் கிழிந்து 'ஸ்' ஒலியெல்லாம் எச்சில் தெறிப்பது போலக் கேட்டால் தட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எவ்வளவு கழுவினாலும் அது சரியாகாது. அந்த இடம் சுத்தமாக இருந்தால் மற்றவை பெரும்பாலும் சுத்தம். இரண்டாம் பக்கத்தில் கடைசியில் வரும் 'சைலன்ட் நைட்' இன்னும் கடுமையான சோதனை, ஏனென்றால் அமைதியான பாட்டில் ஒவ்வொரு சரசரப்பும் வெளியே தெரியும்.

கழுவுவது

800 மில்லி டிஸ்டில்டு வாட்டர், 200 மில்லி 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், வாசனை சேராத பாத்திரச் சோப்புத் திரவம் இரண்டு சொட்டு. கை கழுவும் சானிடைசர் ஆகாது. அதிலுள்ள கிளிசரின் தடத்தில் படிந்துவிடும். லேபிளில் ஈரம் படாமல், மைக்ரோஃபைபர் துணியால் தடத்தின் வாகிலேயே வட்டமாகத் துடையுங்கள், குறுக்கே வேண்டாம். பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டரில் இன்னொரு முறை. சோப்பு மிஞ்சினால் ஊசி நுனியில் வெள்ளையாகச் சேரும். நிற்க வைத்து முழுதாகக் காயவிட்ட பிறகே ஓட்டுங்கள்.

'தி கிறிஸ்துமஸ் சாங்' 1946இல் வந்த கேப்பிட்டல் 311, அதாவது 78 சுற்றுத் தட்டு, கையில் கிடைத்தால் இந்தக் கலவையை அதன் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அது அரக்குத் தட்டு. ஆல்கஹால் பட்டால் மேற்பரப்பு கரைந்துவிடும். அதற்குத் தண்ணீரும் சொட்டுச் சோப்பும் மட்டுமே. ஊசியும் வேறு: அகலத் தடத்துக்கான 3 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு) ஊசி. 33⅓ சுற்று எல்.பி. தட்டுக்கான ஊசியைப் போட்டால் அது தடத்தின் அடியில் உருண்டு இரைச்சலைத்தான் எடுத்துத் தரும்.

பிளேயரைச் சரிசெய்வது

டோன் ஆர்மின், அதாவது ஊசியைத் தாங்கும் கையின், பின் எடையைத் திருகி, ஆர்ம் அந்தரத்தில் மட்டமாக நிற்கும்படி வையுங்கள். அந்த நிலையில் எண் வளையத்தைச் சுழியத்தில் வைத்து, கார்ட்ரிட்ஜ் தயாரிப்பாளர் சொன்ன எடைக்கு, பெரும்பாலும் 1.5 முதல் 2.5 கிராமுக்குள், எடையையும் வளையத்தையும் சேர்த்துத் திருகுங்கள். ஆன்ட்டி ஸ்கேட்டிங்கையும் (ஆர்ம் உள்நோக்கி இழுபடுவதைச் சமன்செய்யும் அமைப்பு) அதே எண்ணில் வைக்கலாம். எடையைக் குறைத்தால் தட்டு பிழைக்கும் என்பது தவறான எண்ணம். எடை போதாத ஊசி உரத்த இடங்களில் தடச் சுவரில் மோதித் துள்ளும். சேதம் அதில்தான் அதிகம்.

இந்த ஆல்பத்தில் குரல் மைக்குக்கு மிக அருகில், மெல்லப் பாடிப் பதிவானது. ஸ்டீரியோ தட்டில் அது இரு ஸ்பீக்கருக்கும் நடுவில், ஆள் நிற்பது போல நிற்க வேண்டும். நிற்காமல் அறையெங்கும் பரவிக் கிடந்தால், பேஸும் மெலிந்திருந்தால், ஒரு பக்க இணைப்பு தலைகீழாக இருக்கிறது. முதலில் ஸ்பீக்கர் கம்பிகளைப் பாருங்கள், பிறகு கார்ட்ரிட்ஜை. கார்ட்ரிட்ஜின் கம்பிகளில் வெள்ளை இடப்பக்க நேர்முனை, நீலம் இடப்பக்க எதிர்முனை, சிவப்பு வலப்பக்க நேர்முனை, பச்சை வலப்பக்க எதிர்முனை. மோனோ தட்டு என்றால் ஆம்ப்ளிஃபையரில் மோனோ பொத்தானை அழுத்திவிடுங்கள். ஊசி மேலும் கீழும் ஆடுவதால் வரும் இரைச்சல் அதில் அடங்கிவிடும். லவுட்னஸ் பொத்தானை அணைத்து வையுங்கள். அது பேஸை ஊதிப் பெருக்கிக் குரலின் கீழ்ப்பகுதியைக் குழப்பிவிடும்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த பழைய பிளேயர் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இந்தியாவிலும் இலங்கையிலும் 50. மின் அலையோடு ஒத்துச் சுழலும் பழைய ஏ.சி. மோட்டார் இங்கே நிமிடத்துக்கு 27.8 சுற்றுதான் சுற்றும்; பாட்டு மூன்று அரைச்சுருதிக்கும் மேல் இறங்கி இழுவையாகப் போகும். ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மட்டும்தான் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. 50 ஹெர்ட்ஸ் புல்லி (மோட்டார் முனையிலுள்ள சிறு சக்கரம்) கிடைக்குமா என்று பாருங்கள். அதன் விட்டம் பழையதைப்போல 1.2 மடங்கு இருக்கும். டி.சி. மோட்டார் கொண்ட பிளேயருக்கு இந்தத் தொல்லை இல்லை. வோல்ட் சரியாக இருந்தால் போதும்.

ஜனவரியில் நட்சத்திர விளக்கும் குடில் பொம்மைகளும் பரணுக்குப் போகும்போது தட்டையும் கூடவே ஏற்றிவிடாதீர்கள். ஏப்ரல், மே வெயிலில் பரணின் சூட்டில் வினைல் நெளிந்துவிடும். கீழே, சுவர் ஈரம் படாத இடத்தில் நிமிர்த்தி வையுங்கள், சாய்த்து அல்ல. பழைய காகித உள்ளுறையை எடுத்துவிட்டு பாலித்தீன் உள்ளுறை போடுங்கள். அதன் திறந்த வாய் அட்டையின் வாய்க்கு நேராக இல்லாமல் மேற்பக்கம் பார்த்து இருந்தால் தூசி உள்ளே போகாது. கடலோர ஊர் என்றால் மழைக்காலம் முடிந்ததும் அட்டையை ஒருமுறை வெளியே எடுத்து, உள்பக்கத்தில் பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று விரித்துப் பாருங்கள்.