சைலன்சர் சத்தம் போடுகிறதா? முழு செட்டையும் மாற்றுவதற்கு முன் அடியில் பாருங்கள்

காரை ஸ்டார்ட் செய்தால் டிராக்டர் மாதிரி உறுமுகிறது. ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போனால் குனிந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சைலன்சர் போச்சு சார், முழு செட்டும் மாத்திடலாம்" என்கிறார்கள். அங்கேயே தலையாட்டிவிடாதீர்கள். நாம் மொத்தமாக சைலன்சர் என்று சொல்வது ஒரே பொருள் இல்லை. இன்ஜினோடு ஒட்டியிருக்கும் மேனிஃபோல்டு, அதிலிருந்து இறங்கும் முன் பைப், ஆட்டத்தைத் தாங்குவதற்காக வைத்த வளையும் பெல்லோ, புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர், நடுவில் ஓடும் பைப், சில கார்களில் சின்னதாக ஒரு ரெசனேட்டர், கடைசியில்தான் நிஜமான சைலன்சர் டப்பா, அதற்கும் பின்னால் வால் பைப். இத்தனையும் காரின் அடியில் ரப்பர் வளையங்களில் தொங்குகின்றன. ஒரு நேரத்தில் இதில் ஒன்றோ இரண்டோதான் கெட்டிருக்கும்.

என் காரில் நடந்ததைச் சொல்கிறேன். முன்பக்கம் புஸ் புஸ் என்று சத்தம். ஒரு ஒர்க்‌ஷாப்பில் கன்வெர்ட்டரோடு சேர்த்து முன் பகுதி முழுவதையும் மாற்ற வேண்டும் என்றார்கள், அந்தத் தொகையைக் கேட்டதும் காரையே விற்றுவிடலாமா என்று தோன்றியது. இன்னொரு மெக்கானிக் காரை லிஃப்டில் ஏற்றி டார்ச் அடித்துக் காட்டினார். பெல்லோவின் கம்பி வலை ஒரு பக்கம் பிரிந்து தொங்கியது, அந்த இடத்தில் மட்டும் உள்ளங்கை அளவுக்குக் கரி படிந்திருந்தது. கன்வெர்ட்டருக்கு ஒன்றும் இல்லை. பெல்லோவை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு அதே அளவில் புதிது வைத்து வெல்டு செய்தார், முதலில் சொன்ன தொகையில் சின்ன ஒரு பங்குதான் ஆனது. அதோடு விடாமல், பெல்லோ ஏன் கிழிந்தது என்று இன்ஜினைத் தாங்கும் மவுண்டையும் பார்த்தார். மவுண்ட் ரப்பர் நைந்து போனால் இன்ஜின் அதிகமாக ஆடும், அந்த ஆட்டம் முழுவதும் பெல்லோவின் தலையில்தான் விழும். மவுண்டை அப்படியே விட்டிருந்தால் புது பெல்லோவும் சீக்கிரமே கிழிந்திருக்கும்.

ஆக, முதல் வேலை ஓட்டை எங்கே என்று கண்டுபிடிப்பது. அதற்குச் செலவே இல்லை.

காலையில் இன்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது ஆரம்பியுங்கள், திறந்த வெளியில். ஷட்டர் போட்ட கேரேஜுக்குள் இன்ஜினை ஓடவிட்டுச் சோதிக்கவே கூடாது. ஸ்டார்ட் செய்த உடனே முன்பக்கம் டிக் டிக் டிக் என்று கேட்டு, இன்ஜின் சூடானதும் அது குறைந்தால் மேனிஃபோல்டிலோ, அதன் இணைப்பு கசியாமல் இருக்க வைக்கும் கேஸ்கெட்டிலோ விரிசல் என்று சந்தேகப்படலாம், உலோகம் சூட்டில் விரிந்து இடைவெளியை அடைத்துக்கொள்வதால்தான் சத்தம் அடங்குகிறது. கடகடவென்று தகரம் அதிரும் சத்தம் என்றால் பெரும்பாலும் சூடு தடுக்கும் தகடு கழன்றிருக்கும். பள்ளத்தில் இறங்கும்போது மட்டும் அடியில் டொம் என்று இடித்தால் தொங்கும் ரப்பர் அறுந்திருக்கும். இந்த இரண்டும்தான் இருப்பதிலேயே மலிவான பழுது. தகட்டை ஸ்டெயின்லெஸ் ஹோஸ் கிளாம்ப் போட்டு இறுக்கினால் போதும். ரப்பர் வளையத்தைச் சோப்புத் தண்ணீர் தடவி இழுத்தால் வந்துவிடும், புதிதையும் அப்படியே மாட்டலாம். அறுந்த ரப்பரைத் தள்ளிப்போடாதீர்கள், ஒரு பக்கம் தொங்க ஆரம்பித்தால் அந்தக் கனம் முழுவதும் அடுத்த ஜாயின்ட்டில் ஏறி அங்கேயும் விரிசல் விடும்.

அப்புறம், தடிமனான கையுறை போட்டுக்கொண்டு ஒரு துணியால் வால் பைப்பைச் சில நொடிகள் அடைத்துப் பிடியுங்கள், இன்னொருவரை ஓரமாகக் குனிந்து கேட்கச் சொல்லுங்கள். ஓட்டை இருக்கும் இடத்தில் உஸ்ஸென்று காற்று பிடுங்கும். இன்ஜினை ஓடவிடாமலேயே பார்க்க வேண்டும் என்றால், காற்று ஊதும் வசதியுள்ள வாக்குவம் கிளீனரின் குழாயை வால் பைப்பில் துணி சுற்றிச் செருகி ஊதவிட்டு, ஜாயின்ட்டுகளில் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். குமிழி வரும் இடம்தான் ஓட்டை. பஞ்சர் கடைக்காரர் டியூபைச் சோதிக்கும் அதே முறைதான். கறுப்பாகக் கரி கோடு ஓடியிருந்தால் அதுவே பாதி சாட்சி.

ஒன்று மட்டும் கவனம். சில சைலன்சர் டப்பாக்களின் அடியில் சின்னதாக, சுத்தமான வட்டமாக ஒரு துளை இருக்கும், சுற்றிலும் உலோகம் நன்றாகவே இருக்கும். அது ஓட்டை இல்லை, தண்ணீர் வடிவதற்காகக் கம்பெனியே வைத்தது, அதை அடைக்காதீர்கள். 1 லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட 1 லிட்டர் தண்ணீர் ஆவியாக உருவாகிறது. தூரமாக ஓடும் காரில் அது சூட்டோடு வெளியே போய்விடும், தினமும் பக்கத்துத் தெரு வரை மட்டும் போய் வரும் காரில் டப்பாவுக்குள்ளேயே தேங்கி உள்ளிருந்து துருவை ஏற்றும். வெளியே பொட்டு அளவு ஓட்டை தெரிந்தாலும் உள்ளே தடுப்புத் தகடுகள் எல்லாம் பொடியாகிக் கிடக்கலாம் என்பது இதனால்தான். ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் தேறும், மொத்தென்று கேட்டாலோ, துருச் செதில் உதிர்ந்தாலோ ஒட்டுப்போட்டுப் பயனில்லை.

சரி, ஓட்டை தெரிந்துவிட்டது. இனி எங்கே சிக்கனம் பார்க்கலாம், எங்கே கூடாது என்பது அது இன்ஜினுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பின்னால் போகப் போகச் சூடு குறையும், ஒட்டு நிற்கும். முன்னால் சூடு அதிகம், அதிர்வும் அதிகம். கேட்டலிடிக் கன்வெர்ட்டர் வேலை செய்யத் தொடங்கவே சுமார் 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும், ஓடும்போது அதைவிட இரண்டு மடங்கு ஏறுவது சாதாரணம். தண்ணீர்க் குழாய் ஒழுகலுக்குப் பூசும் எபாக்சி பட்டி இந்தச் சூட்டில் கருகி உதிர்ந்துவிடும், அந்த வேலையே வேண்டாம்.

கன்வெர்ட்டருக்குப் பின்னால், நடு பைப்பில் குண்டூசித் தலை அளவு ஓட்டை என்றால் எக்ஸாஸ்ட்டுக்கென்றே, அதாவது புகை போகும் இந்தக் குழாய்களுக்கென்றே, விற்கும் பேஸ்ட் போதும். கம்பி பிரஷ்ஷால் உலோகம் பளிச்சென்று தெரியும் வரை தேய்த்துவிட்டுப் பூச வேண்டும், துருவின் மேல் பூசினால் துருவோடு சேர்ந்து அதுவும் கழன்று வரும். கொஞ்சம் பெரிய ஓட்டை, விரல் நுழையும் அளவு என்றால் பேஸ்ட்டை வைத்து அதன் மேல் எக்ஸாஸ்ட் பேண்டேஜ் சுற்றலாம், அல்லது ஒரு டின்னை வெட்டி எடுத்த தகட்டை வளைத்துப் போர்த்தி இரண்டு பக்கமும் ஹோஸ் கிளாம்ப் போட்டு இறுக்கலாம். பார்க்கக் கேவலமாகத்தான் இருக்கும். ஆனால் சம்பளம் வரும் வரை ஓட்டிவிடலாம். இதெல்லாம் நாள் கடத்தும் வேலை என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

நிலையான வழி, துருப்பிடித்த துண்டை வெட்டி எடுத்துவிட்டுப் புது பைப் துண்டு வைப்பது. வெல்டிங் பட்டறையில் இது சின்ன வேலை. வெல்டிங்குக்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் எலக்ட்ரானிக் பாகங்களுக்கு ஆபத்து. பெட்ரோல் டேங்க், எரிபொருள் குழாய் பக்கத்தில் வெல்டு வைப்பதாக இருந்தால் பைப்பைக் கழற்றி வெளியே எடுத்துத்தான் செய்ய வேண்டும், "நான் பார்த்துக்கிறேன்" என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். தண்ணீருக்குப் போடும் ஜிஐ பைப்பை வைக்க வரும் கெட்டிக்காரர்களும் உண்டு. அதன் மேல் இருக்கும் துத்தநாகப் பூச்சு வெல்டிங் சூட்டில் நச்சுப் புகையாகக் கிளம்பும், அது வேண்டாம்.

வெல்டிங்கே வேண்டாம் என்றால் இரண்டு பைப் முனைகளையும் சேர்க்கும் குழாய்த் துண்டான ஸ்லீவ் போட்டு கிளாம்பால் இணைக்கலாம். பைப் அளவு தெரியாவிட்டால் ஒரு நூலைச் சுற்றி அளந்து 3.14-ஆல் வகுத்தால் வெளிவிட்டம் கிடைத்துவிடும். ஒன்றுக்குள் ஒன்று குறைந்தது 4 சென்டிமீட்டராவது நுழைந்திருக்க வேண்டும். யு-போல்ட் கிளாம்ப் மலிவு, ஆனால் பைப்பை நசுக்கிவிடும், பிறகு கழற்றவே முடியாது. பட்டையான பேண்டு கிளாம்புக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் நசுக்காது, கசியாது, நான் அதைத்தான் வாங்குவேன்.

சைலன்சர் டப்பாவே போய்விட்டால் அதை மட்டும் மாற்றுங்கள். உங்கள் கார் மாடலுக்கென்றே மற்ற கம்பெனிகள் செய்யும் டப்பாக்கள் கார் கம்பெனி விலையைவிடப் பொதுவாகக் குறைவாகக் கிடைக்கும். எந்தக் காருக்கும் பொருந்தும் பொது டப்பா இன்னும் மலிவு, ஆனால் வெட்டி, ஒட்டி, தொங்கும் கொக்கி வைத்துப் பொருத்தும் கூலியைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள், சில நேரம் இரண்டும் ஒன்றாகவே வந்து நிற்கும். உலோகத்தைப் பார்த்து வாங்குங்கள். சாதா இரும்பு சீக்கிரம் துருவேறும், அலுமினியம் பூசிய இரும்பு நடுத்தரம், ஸ்டெயின்லெஸ் நீண்ட நாள் வரும். ஸ்டெயின்லெஸ்ஸிலும் 304 ரகத்தில் காந்தம் ஒட்டாது, 409-இல் ஒட்டும். 409 மேலாகக் கொஞ்சம் துரு நிறம் காட்டும், அதற்காகப் போலி என்று நினைக்க வேண்டாம். இரண்டு வருடத்தில் விற்கப்போகும் காருக்கு 304 எதற்கு? அலுமினியம் பூசியதே தாராளம்.

காயலான் கடையில் பழையது வாங்கலாமா என்றால், வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு என்றால் வாங்கலாம், விரிசல் இருக்கிறதா என்று மட்டும் நன்றாகப் பாருங்கள். பழைய சைலன்சர் டப்பா வேண்டாம், உங்களுடையதைப் போலவே அதுவும் உள்ளே அரித்திருக்கும். பழைய கன்வெர்ட்டர் கண்டிப்பாக வேண்டாம். உள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருப்பதால் காருக்கு அடியில் புகுந்து அறுத்துத் திருடப்படும் பொருள் அது, விற்பவரிடம் இருப்பது யாருடைய காரிலிருந்து வந்தது என்று நமக்குத் தெரியாது.

உண்மையிலேயே காசைத் தின்பது இந்தக் கன்வெர்ட்டர்தான், அதனால் இதில் அவசரமே கூடாது. செக் இன்ஜின் விளக்கு எரிந்து ஸ்கேனரில் பி0420 என்று வந்தால், உடனே "கன்வெர்ட்டர் அவுட்" என்று தீர்ப்பு சொல்லிவிடுவார்கள். கன்வெர்ட்டரின் திறன் குறைவாகத் தெரிகிறது என்பது மட்டுமே அந்தக் கோடின் அர்த்தம். முன்னால் இருக்கும் சின்னக் கசிவு வெளிக்காற்றை உள்ளே இழுத்து புகையில் இருக்கும் ஆக்சிஜனை அளக்கும் சென்சாரை ஏமாற்றினாலும், சென்சாரே கெட்டிருந்தாலும் அதே கோடு வரலாம். அப்படி ஏமாந்த சென்சாரை நம்பி இன்ஜின் கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றும், மைலேஜும் அடிவாங்கும். முதலில் கசிவை அடைத்து, கோடை அழித்து, சில நாள் ஓட்டிப் பாருங்கள். ரப்பர் சுத்தியால் தட்டும்போது உள்ளே கலகலவென்று உடைந்த துண்டுகள் சத்தம் கேட்டாலோ, அடைத்துக்கொண்டு வண்டி இழுக்கவே மாட்டேன் என்றாலோ மாற்றித்தான் ஆக வேண்டும். அப்போதும் அது ஏன் கெட்டது என்று கேளுங்கள். ஸ்பார்க் பிளக் மிஸ் அடித்து எரியாத பெட்ரோல் உள்ளே போயிருக்கலாம், இன்ஜின் ஆயில் குடித்திருக்கலாம். அதைச் சரி செய்யாமல் புதிது மாட்டினால் அதுவும் அதே வழியில் போகும். கார் வாரண்டியில் இந்தப் பாகம் தனியாகக் கூடுதல் காலத்துக்குச் சேர்ந்திருக்கிறதா என்று கையேட்டைப் புரட்டுங்கள், பலர் இதைப் பார்ப்பதே இல்லை.

இன்னொரு யோசனையும் காதில் விழும். "உள்ளே இருக்கிறதை இடிச்சுக் கொட்டிட்டு வெறும் டப்பாவை மாட்டிடலாம்." பல நாடுகளில் அது சட்ட மீறல், புகைப் பரிசோதனையில் தேறாது, விளக்கும் அணையாது. டீசல் காரில் புகை வடிகட்டியை எடுத்துவிடுவதும் இதே கதைதான்.

நீங்களே அடியில் இறங்கி வேலை செய்வதென்றால், ஜாக்கியை மட்டும் நம்பி உள்ளே படுக்காதீர்கள், ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, காரை ஒருமுறை உலுக்கிப் பார்த்த பிறகுதான் இறங்க வேண்டும். துருப்பிடித்த நட்டுகளுக்கு முந்தைய இரவே துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். மறுநாள் முதலில் கொஞ்சம் இறுக்கி, அது அசைந்ததும் கழற்றுங்கள். மேனிஃபோல்டை இன்ஜினோடு பிடித்திருக்கும் ஸ்டட்டில் மட்டும் வீரம் வேண்டாம், அது உடைந்து இன்ஜின் ஹெட்டுக்குள் மாட்டிக்கொண்டால் மிச்சம் பிடித்ததெல்லாம் அதற்கே போய்விடும். கழற்றிய கேஸ்கெட்டைத் திரும்பப் போடாதீர்கள். நான் ஒருமுறை "நன்றாகத்தானே இருக்கிறது" என்று பழைய வளைய கேஸ்கெட்டையே வைத்து மாட்டினேன், மூன்றாம் நாள் மறுபடியும் முதலிலிருந்து கழற்ற வேண்டியதாயிற்று.

எதுவும் செய்யாமல் சத்தத்தோடு ஓட்டிக்கொண்டிருக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். கசியும் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஓட்டும்போது தலைவலி, குமட்டல், தூக்கக் கலக்கம் வந்தால் ஜன்னலை இறக்கி, ஓரம் கட்டி, இன்ஜினை அணைத்துவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள். அதற்கு மேல் அந்தக் காரை ஓட்டிப் போகாமல் டோ செய்தே கொண்டு போங்கள்.

பைப்புகளை மாட்டும்போது எல்லாவற்றையும் முதலில் லூசாகத் தொங்கவிட்டு, எதிலும் இடிக்காத மாதிரி நேராக்கிய பிறகு, இன்ஜின் பக்கத்திலிருந்து பின்னோக்கி இறுக்கிக்கொண்டு வாருங்கள். முதல் தடவை ஓடவிடும்போது புது பைப்பின் மேல் இருக்கும் எண்ணெயும் பெயின்டும் எரிந்து சில நிமிடம் வெள்ளைப் புகையும் நாற்றமும் வரும், பயந்து அணைக்க வேண்டாம், பக்கத்தில் நின்று பாருங்கள், தானாக நின்றுவிடும். ஒரு வாரம் ஓட்டிய பிறகு, வண்டி குளிர்ந்திருக்கும்போது எல்லா கிளாம்புகளையும் இன்னொரு முறை இறுக்கிவிடுங்கள்.