பதினேழு வயதுப் பையனை எடை போடும்போது நாம் சறுக்கும் இடங்கள்

ஜூன் மாதக் கடைசியில் என்எச்எல் டிராஃப்ட் வரும், அதாவது வட அமெரிக்காவின் பெரிய ஐஸ் ஹாக்கி லீகின் அணிகள் வரிசையாக முறைவைத்து இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி. அதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே ஐஸ் ஹாக்கி பார்க்கிற எல்லோரும் ஸ்கௌட் (திறமை தேடுகிறவர்) ஆகிவிடுவோம். 32 அணிகள், ஏழு ரவுண்டு, இருநூற்றுச் சொச்சம் பையன்கள், அவர்களில் பெரும்பாலானவர்களை நாம் இரண்டு நிமிட வீடியோவில்தான் பார்த்திருப்போம், ஆனாலும் யார் யாருக்கு முன்னால் போகவேண்டும் என்று சண்டை போடுவோம். நானும் வருஷா வருஷம் சொந்தமாக ஒரு பட்டியல் போடுகிறேன். பழைய பட்டியல்களைத் தூக்கி எறியாமல் வைத்திருப்பதுதான் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம், ஏனென்றால் எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் நன்றாக அடி விழுகிறது.

2012ஐ எடுத்துக்கொள்ளுங்கள். என் பட்டியலில் முதல் பெயர் நெயில் யாகுபோவ். எட்மன்டன் அணியும் அவரைத்தான் முதலாவதாக எடுத்தது என்பது எனக்கு ஆறுதல், அவர்களுக்கு இல்லை. 350 ஆட்டங்கள், 2018க்குப் பிறகு என்எச்எல் பக்கமே வரவில்லை. அதே டிராஃப்டில் ஃபிலிப் ஃபோர்ஸ்பெர்க் 11ஆவது, ஆந்த்ரே வாசிலெவ்ஸ்கி 19ஆவது, கானர் ஹெல்லபக் 130ஆவது. ஹெல்லபக் 2025ல் சிறந்த கோலிக்கான (கோல்கீப்பருக்கான) வெசினா, லீகின் மதிப்புமிக்க ஆட்டக்காரருக்கான ஹார்ட் என்ற விருதுகள் இரண்டையும் வாங்கினார். முழுநேர ஸ்கௌட்டுகளை வைத்திருக்கிற அணிகளே இவரை 129 பெயர்களுக்குப் பிறகுதான் எடுத்திருக்கின்றன. யாரும் சோம்பேறிகள் இல்லை. தப்பு வேறு இடத்தில் இருக்கிறது.

'விளையும் பயிர் முளையிலேயே தெரியும்' என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். முளைகளை ஒப்பிட வேண்டுமென்றால் எல்லாவற்றையும் ஒரே நாளில் விதைத்திருக்க வேண்டும் இல்லையா? டிராஃப்டில் அப்படி இல்லை. செப்டம்பர் 15க்குள் 18 வயது நிரம்பினால் அந்த வருஷ டிராஃப்டுக்குத் தகுதி, 16ஆம் தேதி பிறந்தவன் அடுத்த வருஷம்வரை காத்திருக்க வேண்டும். ஆஸ்டன் மாத்யூஸ் 1997 செப்டம்பர் 17ல் பிறந்தவர். இரண்டே நாளில் 2015 டிராஃப்ட் கைநழுவியது, அந்தக் கூடுதல் வருஷத்தில் ஸூரிக் போய்ப் பெரியவர்களோடு ஆடிவிட்டு 2016ல் முதலாவதாக வந்தார். எதிர்ப்பக்கம் மேத்யூ ஷேஃபர், 2007 செப்டம்பர் 5. பதினோரு நாள் தள்ளிப் பிறந்திருந்தால் 2026 டிராஃப்டுக்குப் போயிருப்பார், ஆனால் 2025லேயே முதலாவதாகப் போனார். அதாவது ஒரே டிராஃப்டில் நிற்கிற இரண்டு பையன்களுக்கு நடுவே கிட்டத்தட்ட முழு ஒரு வருஷ வித்தியாசம் இருக்கலாம். பதினேழு வயதில் ஒரு வருஷம் என்றால் எவ்வளவு என்று வீட்டில் பையன் வளர்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, போன தீபாவளிக்கு எடுத்த சட்டை இந்தத் தீபாவளிக்கு ஏறாது.

இது சின்ன வயதிலேயே ஆரம்பித்துவிடுகிறது என்பது இன்னும் மோசம். கனடாவில் சிறுவர் ஹாக்கியின் வயதுக் கணக்கு ஜனவரி 1ல் தொடங்குவதால் ஜனவரிப் பையன் எட்டு வயதிலும் தன் குழுவில் உயரமானவன், நல்ல அணிக்குத் தேர்வாகிறவன், அதிக நேரம் ஆடுகிறவன், நல்ல கோச் கிடைக்கிறவன். டிசம்பர்ப் பையன் இதையெல்லாம் தாண்டித்தான் டிராஃப்ட் வரைக்குமே வருகிறான். கனடாவில் பிறந்தவர்களை வைத்துச் செய்து 2013ல் வெளியான ஒரு ஆய்வு, வருஷத்தின் பிற்பாதியில் பிறந்தவர்களை அணிகள் அவர்களுடைய பிற்காலச் சாதனைக்குத் தக்க இடத்தில் எடுக்காமல் தாமதமாகவே எடுத்து வந்திருக்கின்றன என்று காட்டியது. ஆகவே பெயருக்குப் பக்கத்தில் பிறந்த தேதி இல்லாத எந்த ரேங்கிங்கையும் நான் இப்போது படிப்பதில்லை.

சரி, அடுத்தது புள்ளிக் கணக்கு. கோலுக்கு ஒன்று, அசிஸ்டுக்கு (கோலுக்கு வழி செய்த பாஸுக்கு) ஒன்று. ஒரு கோலுக்கு இரண்டு அசிஸ்ட் வரை கொடுப்பார்கள் என்பதால், ஆடுகளத்தின் நடுவில் பக்கை (பந்துக்குப் பதிலாக இருக்கும் ரப்பர் வட்டை) தட்டிவிட்டுச் சும்மா நின்றவனுக்கும் கோல் அடித்தவனுக்கும் தாளில் ஒரே மதிப்பு. பவர் பிளேயில், அதாவது எதிரணியில் ஒருவன் தண்டனைக்கு உட்கார்ந்திருக்கும்போது கிடைத்த புள்ளியும் ஐந்துக்கு ஐந்து ஆடும்போது கிடைத்த புள்ளியும் ஒன்றாகவே கூட்டப்படும். முதலில் இதைப் பிரித்துப் பாருங்கள். அப்புறம் பக்கத்தில் யார் ஆடினார்கள் என்று பாருங்கள். 2014-15ல் ஈரி ஆட்டர்ஸ் என்ற ஜூனியர் அணியில், பின்னாளில் உலகின் தலைசிறந்த ஆட்டக்காரராகப் பேசப்பட்ட கானர் மெக்டேவிட் இருந்தார், அதே அணியின் டிலன் ஸ்ட்ரோம் 129 புள்ளியோடு ஒன்டாரியோ ஜூனியர் லீகிலேயே முதலிடம் பிடித்தார். அந்த ஸ்ட்ரோமை 3ஆவதாக எடுத்த அரிசோனா மூன்றே வருஷத்தில் அவரை வேறு அணிக்குக் கொடுத்துவிட்டது. இன்று வாஷிங்டனில் நன்றாகவே ஆடுகிறார், மோசமான ஆட்டக்காரர் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்த 129ஐ அப்படியே நம்பியிருக்கக் கூடாது.

இங்கேதான் புத்திசாலிகள் வேறு விதமாகச் சறுக்குகிறார்கள். அதே ஈரி அணியில் அதே சீசனில் அலெக்ஸ் டிபிரிங்கெட் என்ற குள்ளப் பையன் 51 கோல் அடித்தான். 'எல்லாம் மெக்டேவிட் புண்ணியம்' என்று சொல்லிவிட்டார்கள். நானும்தான் சொன்னேன். அடுத்த சீசனில் மெக்டேவிட் எட்மன்டன் போய்விட்டார், டிபிரிங்கெட் மறுபடியும் அதே 51 அடித்தான். பதில் கண்ணெதிரே இருந்தும் 2016 டிராஃப்டில் 38 பேரைக் கூப்பிட்ட பிறகுதான் சிகாகோ அவனை எடுத்தது. பிறகு அங்கே இரண்டு சீசன்களில் 41 கோல் அடித்தான். 'யாரோடு ஆடினான்' என்று கேட்பது நல்ல கேள்விதான். கேட்டுவிட்டு, அந்த ஆள் இல்லாதபோது என்ன நடந்தது என்று பார்க்காமல் போனால் அது வெறும் சந்தேகம், மதிப்பீடு ஆகாது.

எந்த லீக் என்பதும் அப்படித்தான். ஜூனியர் லீகில் தன் வயதுக்காரர்களோடு ஆடி 100 புள்ளி எடுப்பதும், முப்பது வயதுத் தாடிக்காரர்களோடு ஆடி பத்துப் புள்ளி எடுப்பதும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற எண்களே இல்லை. மொரிட்ஸ் சைடர் 2018-19ல் ஜெர்மனியின் மான்ஹைம் அணிக்கு 29 ஆட்டத்தில் எடுத்தது ஆறே புள்ளி. அவர் டிஃபென்ஸ்மேன் (தடுப்பாட்டக்காரர்) வேறு. டெட்ராய்ட் அவரை 6ஆவதாகக் கூப்பிட்டபோது அவரே வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்த காட்சி இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. 2022ல் வருடத்தின் சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் விருது அவருக்கு. அந்த ஆறு புள்ளிகளைவிட, பதினேழு வயதுப் பையனைச் சாம்பியன் பட்டம் வாங்கிய அணியின் கோச் நம்பி இறக்கினார் என்பதுதான் பெரிய செய்தி. ஐரோப்பியப் பையன்களைப் பார்க்கும்போது புள்ளிக்கு முன்னால் ஒரு ஆட்டத்துக்கு எத்தனை நிமிஷம் கொடுத்தார்கள் என்று தேடுங்கள்.

உயரத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2003ல் நியூயார்க் ரேஞ்சர்ஸ் 12ஆவதாக எடுத்த ஹ்யூ ஜெஸிமன் ஆறடி ஆறு அங்குலம், என்எச்எல்லில் ஆடியது இரண்டு ஆட்டம். அவருக்குப் பிறகு அதே ரவுண்டில், பின்னாளில் நட்சத்திரங்களான பரீசே, கெட்ஸ்லாஃப், பர்ன்ஸ், பெர்ரி என்று வரிசையாகப் போனார்கள், பெர்ஜரான் 45ஆவது. இதைப் பார்த்துவிட்டுச் சிலர் இப்போது எதிர்த்திசையில் ஓடுகிறார்கள், குள்ளமாக இருந்தாலே அடுத்த குச்சரோவ் என்கிறார்கள். குச்சரோவ் 58ஆவதாக வந்து ஹார்ட் வாங்கியது உண்மை. காணாமல் போன குள்ளர்களின் பெயர் நமக்குத் தெரியாது என்பதும் உண்மை.

'ஸ்கேட்டிங் சரியில்லை' என்ற வாக்கியத்தைக் கண்டால் மட்டும் நின்று யோசியுங்கள், ஏனென்றால் ஸ்கௌட் அறிக்கைகளிலேயே அதிகம் வீணான வாக்கியம் அதுதான் என்பது என் அபிப்பிராயம். எது சரியில்லை? முதல் மூன்று தள்ளலா, முழு வேகமா, திரும்பும்போது விளிம்பில் நிற்கும் பிடிப்பா, பின்னோக்கிப் போவதா? முதல் தள்ளல் பெரும்பாலும் காலில் வலு ஏறினால் வரக்கூடியது, பதினேழு வயதில் தொடை ஒல்லியாகத்தான் இருக்கும். மார்க் ஸ்டோனின் ஸ்கேட்டிங் அன்றும் அழகில்லை, இன்றும் அழகில்லை. 2010ல் 178ஆவதாகப் போனார். 2023ல் வேகஸ் அணி என்எச்எல்லின் ஸ்டான்லி கோப்பையை வென்ற ஆட்டத்தில் அந்த அணியின் கேப்டனாக மூன்று கோல் அடித்தார். அவர் வேகமாகப் போய்ச் சேர்வதில்லை, பக் எங்கே வரும் என்று முன்பே தெரிந்து அங்கே நிற்கிறார். அந்த மூளையை ஸ்டாப்வாட்சில் அளக்க முடியாது.

அதைப் பார்ப்பதற்கு ஒரே வழி, பக்கைப் பார்க்காமல் இருப்பது. ஒன்டாரியோவில் ஜூனியர் ஆட்டத்துக்கு டிக்கெட் எடுத்து, குளிரில் கையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் கண் தானாகப் பக்கின் பின்னாலேயே ஓடும். ஒரு பீரியடுக்காவது (ஆட்டத்தின் மூன்றில் ஒரு பங்கு) அதை அடக்கி ஒரே பையனைப் பாருங்கள். பக் தன்னிடம் வருவதற்கு முன் தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கிறானா, எத்தனை தடவை? பக்கை இழந்த அடுத்த நொடியில் கை விரித்து நடுவரைப் பார்க்கிறானா, துரத்துகிறானா? மூன்று கோல் முன்னிலையில் இருக்கும்போதும் தன் கோல் பக்கம் இறங்கி வருகிறானா? எதிரணியின் நல்ல டிஃபென்ஸ்மேன் எதிரே வந்தால் என்ன செய்கிறான்? ஜூனியரில் மூன்று பேரைத் தாண்டிப் போகிறவனைப் பார்த்தால் நமக்குப் புல்லரிக்கும், ஆனால் அதே வித்தையை என்எச்எல்லில் செய்தால் இரண்டாவது ஆளிடம் பக் போய்விடும். தாண்டுகிறவனைவிட, தாண்டத் தேவையில்லாத இடத்துக்கு முன்பே போய்விடுகிறவனுக்கு நான் கூடுதல் மார்க் போடுவேன். வெட்டி ஒட்டிய வீடியோக்களில் இது எதுவுமே இருக்காது, அவற்றில் எல்லோரும் மெக்டேவிட்தான்.

'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பது பானை முழுக்க ஒரே தீயில் வேகும்போது சரி. ஒரே போட்டித் தொடரை வைத்துப் பையனை முடிவு செய்யாதீர்கள். யுராய் ஸ்லாஃப்கோவ்ஸ்கி 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஏழு ஆட்டத்தில் ஏழு கோல் அடித்து ஸ்லோவாக்கியாவுக்கு வெண்கலம் வாங்கித் தந்தார். அதே சீசனில் ஃபின்லாந்து லீகில் 31 ஆட்டத்தில் ஐந்து கோல். மான்ட்ரியல் அவரை முதலாவதாக எடுத்தது, வெகுகாலம் முதலிடத்தில் பேசப்பட்ட ஷேன் ரைட் நான்காவதுக்கு இறங்கினார். ரைட்டுக்கு கொரோனாவால் முந்தைய ஜூனியர் சீசன் முழுவதுமே போயிருந்தது. மான்ட்ரியல் ஏமாறவில்லை, ஸ்லாஃப்கோவ்ஸ்கி முதல் வரிசையிலும் ஆடியிருக்கிறார், ஆனால் ஒலிம்பிக் மாதிரி ஆட்டத்துக்கு ஒரு கோல் வேகத்தில் அல்ல. அந்த ஏழு கோலை மட்டும் பார்த்தவர்கள் வேறு ஒரு ஆளை எதிர்பார்த்தார்கள். மறுபக்கம், காறை எலும்பு (காலர்போன்) முறிந்ததால் டிராஃப்ட் வருஷத்தில் ஷேஃபர் ஜூனியரில் ஆடியது 17 ஆட்டம்தான், ஆனாலும் முதலாவதாக எடுத்தது சரியாகவே இருந்தது. குறைந்த ஆட்டம் என்பதற்காக ஒதுக்கவேண்டும் என்றில்லை. அந்தப் பதினேழிலும் ஒரே குணம் திரும்பத் திரும்பத் தெரிந்ததா என்பதைப் பார்க்கவேண்டும்.

உடற்தகுதிச் சோதனையைப் பற்றி ஒரே வரி: 2014ல் சாம் பென்னட்டால் ஒரு புல்-அப் கூட எடுக்க முடியவில்லை, அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம், 2025 பிளேஆஃபில் (கோப்பைக்கான கடைசிக் கட்ட ஆட்டங்களில்) மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர் அவர்.

கோலிகளைக் கணிக்க நான் முயற்சிப்பதே இல்லை. 2000ல் ரிக் டிபியட்ரோ 1ஆவது, ஹென்ரிக் லண்ட்க்விஸ்ட் 205ஆவது, பெரிய கோலியானது அந்த 205தான். அவ்வளவுதான்.

கடைசியாக ஒன்று, இது பையன்களைவிட நம்மைப் பற்றியது. டிராஃப்ட் முடிந்த அன்று இரவே அணிகளுக்கு மார்க் போடுவது. 2015ல் மினசோட்டாவுக்கு நான் எழுதிய குறிப்பில் கிரில் கப்ரிசோவ் என்ற பெயரே இல்லை. 135ஆவதாக எடுத்த ரஷ்யப் பையன், எப்போது வருவான் என்றே தெரியாது, எதற்கு எழுதவேண்டும் என்று விட்டுவிட்டேன். அவருடைய முதல் என்எச்எல் ஆட்டம் 2021 ஜனவரியில்தான் நடந்தது, அதில் ஓவர்டைமில் வெற்றி கோலை அவரே அடித்தார், அந்த சீசனின் கால்டர் அவருக்கு.

இப்போது என் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் மூன்று கட்டம் போட்டிருக்கிறேன். பிறந்த தேதி, யாரோடு ஆடினான், நான் எத்தனை ஆட்டம் முழுசாகப் பார்த்தேன். மூன்றாவது கட்டத்தில் பெரும்பாலும் 2 என்றுதான் இருக்கிறது, சிலருக்கு 0.