மேவனா, கிரேடிலா? மாட்யூல் ப்ராஜெக்டுக்கு பில்ட் டூல் தேர்ந்தெடுப்பது எப்படி

ஓஎம்ஆர் கம்பெனிகளில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் ஜாவா ப்ராஜெக்டை மாட்யூல்களாக, அதாவது தனித்தனிப் பகுதிகளாக, பிரித்து முடிப்பதற்குள் மேவனா கிரேடிலா என்று பில்ட் டூல் சண்டையில் இறங்கிவிடுகிறார்கள். பில்ட் டூல் என்பது எழுதிய கோட் எல்லாவற்றையும் தொகுத்து ஓடும் மென்பொருளாக்கித் தரும் கருவி. டூல் அப்புறம், முதலில் ஒரு தாளை எடுங்கள்.

படி 1: ரங்கநாதன் தெருத் துணிக்கடை ஒன்றுக்கு பில்லிங் மென்பொருள் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சரக்கு, விலை, பில், ஆப் என நான்கு மாட்யூல். எதற்கு எது தேவையோ அதை நோக்கி அம்புக்குறி போடுங்கள்: ஆப்புக்கு பில், பில்லுக்கு விலை, விலைக்குச் சரக்கு. சரக்கிலிருந்து திரும்ப பில்லுக்கு ஒரு அம்பு போனால் வட்டமாகிவிடும், அதை மேவனும் ஏற்காது, கிரேடிலும் ஏற்காது. சரக்குக்கும் பில்லுக்கும் பொதுவான கோட் பகுதியைத் தனி மாட்யூலாக வெளியே எடுங்கள்.

படி 2: மேவனில் தொடங்குங்கள். 2004இல் அதன் 1.0 பதிப்பு வந்தது, ஃபோல்டர் அமைப்பு எங்கே போனாலும் ஏறக்குறைய ஒன்றுதான், அதனால் நாளைக்குப் புதிதாக வருபவரும் தடுமாற மாட்டார். பேரண்ட் பாம் ஃபைலில் (எல்லா மாட்யூலுக்கும் பொதுவான pom.xml) நான்கு மாட்யூல் பெயரையும் எழுதுங்கள். எந்த வரிசையில் எழுதினாலும் அம்புக்குறிப்படி அதுவே வரிசைப்படுத்திக்கொள்ளும். வெளியிலிருந்து எடுக்கும் லைப்ரரிகளின் வெர்ஷன்களை அங்கே டிபென்டன்சி மேனேஜ்மென்ட் (dependencyManagement) பகுதியில் மட்டும் வையுங்கள்.

படி 3: இதுதான் முக்கியம். பில்லில் ஒரு வரியை மாற்றிவிட்டு பில்ட் ஓட்டிப் பாருங்கள். சும்மா விட்டால் மேவன் நான்கு மாட்யூலையும் ஓட்டும். மேவன் கட்டளையோடு 'மைனஸ் பிஎல்' (-pl) கொடுத்து பில்லை மட்டும் சொல்லலாம், ஆனால் கூடவே 'மைனஸ் ஏஎம்' (-am) போட்டால் பில்லுக்குத் தேவையான விலையும் சரக்கும்தான் சேரும், பில்லை நம்பியிருக்கும் ஆப் சேராது. அதற்கு 'மைனஸ் ஏஎம்டி' (-amd). அதை மட்டும் போட்டால் விலையும் சரக்கும் உங்கள் மெஷினில் முன்பு இன்ஸ்டால் ஆன பழைய ஜாரிலிருந்து (தொகுத்து வைத்த ஜாவா ஃபைல்) வந்துவிடும், பிழை எங்கே என்று தேடியே பொழுது போகும். ஏஎம், ஏஎம்டி இரண்டையும் சேர்த்தே கொடுங்கள்.

படி 4: மாட்யூல் பெருகி, ஒவ்வொரு பில்ட் முடியவும் காத்திருப்பது தாங்க முடியாமல் போனால் கிரேடிலுக்கு மாறுங்கள். இன்புட் மாறாத வேலையை அது தானாகவே தாண்டிப் போகும், எல்லாரும் பகிரும் ரிமோட் பில்ட் கேஷை (முன்பு செய்த வேலையின் சேமிப்பு) இயக்கி வைத்தால், சிஐ (தானாக பில்ட் ஓட்டும் சர்வர்) செய்து வைத்ததை டீம் முழுக்கப் பயன்படுத்தலாம். ஆனால் அதன் பில்ட் ஃபைல் க்ரூவி, கோட்லின் என்ற மொழிகளில் ஒன்றில் எழுதும் நிஜமான கோட், ஆளுக்கு ஒரு விதமாக எழுத விடக் கூடாது. கூகுள் 2015இல் வெளியிட்ட பேசல் என்ற இன்னொரு பில்ட் டூல் சின்ன டீமுக்கு வேண்டாம் என்பேன், அதைப் பராமரிக்கவே ஒரு ஆள் வேண்டும்.

எதை எடுத்தாலும் அதன் ராப்பர் ஸ்கிரிப்டையும் (குறித்த வெர்ஷன் டூலையே இறக்கி ஓட்டும் சின்ன ஸ்கிரிப்ட்) கோட் சேமிக்கும் கிட்டில் (Git) போட்டுவிடுங்கள், எல்லார் மெஷினிலும் ஒரே வெர்ஷன் ஓடும்.